ஆப்ஷனுக்கு ஆயிரம் வெள்ளி கொடுப்பதற்கு முன்

தம்பி, நீங்கள் கேட்டதை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். சிங்கப்பூர் ஈசூனில் ஒரு நாலறை மறுவிற்பனை வீவக வீடு (வீவக என்றால் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அரசு அடுக்குமாடி வீடுகளைக் கட்டுவது), குத்தகை தொடங்கியது 1987-ல், விலை 600,000 வெள்ளி. உங்களுக்கு வயது 34, குடிமகன். மனைவிக்கு 31, நிரந்தரவாசி. இருவருக்கும் இதுதான் முதல் வீடு. வீட்டுக்காரருடைய முகவர் "இன்னும் ரெண்டு பேர் கேட்டுக்கிட்டு இருக்காங்க, இன்னைக்கே ஆயிரம் வெள்ளி குடுத்து ஆப்ஷன் வாங்கிடுங்க" என்கிறார். ஆப்ஷன் என்றால் குறிப்பிட்ட நாள்வரை வேறு யாருக்கும் விற்பதில்லை என்று வீட்டுக்காரர் எழுதித் தரும் தாள். கொடுக்கலாமா, கடனை வீவகவில் வாங்குவதா வங்கியில் வாங்குவதா, காப்பீடு எல்லாம் தேவையா என்பதுதான் கேள்வி.

நான் பதினாறு வருஷம் ஒரு வங்கியில் வீட்டுக்கடன் கோப்புகளைப் பார்த்தவள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், இன்றைக்குக் கொடுக்காதீர்கள். வீடு வாங்குவதில் ஒவ்வொரு தாளும் அதற்கு முந்தைய தாளை நம்பித்தான் நிற்கிறது. வரிசையை மாற்றினால் நட்டம் உங்களுக்குத்தான், முகவருக்கு அல்ல.

முதல் தாள் எச்எஃப்இ கடிதம், அதாவது வீவக கொடுக்கும் தகுதிக் கடிதம். 2023 மே மாதத்திலிருந்து இது இல்லாமல் ஆப்ஷனே வாங்கக்கூடாது. உங்கள் செய்தியில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, அதனால்தான் முதலில் இதைச் சொல்கிறேன். நீங்கள் வாங்கத் தகுதி உள்ளவரா, எந்த மானியம் எவ்வளவு கிடைக்கும், வீவக எவ்வளவு கடன் தரும், மூன்றுக்கும் பதில் ஒரே கடிதத்தில் வந்துவிடும். சிங்பாஸ் (அரசின் இணைய அடையாளக் கணக்கு) வழியாக விண்ணப்பிக்கலாம். தாள்கள் எல்லாம் சரியாக இருந்தாலும் பதில் வர ஒரு மாதம்வரை ஆகலாம். வந்தபின் 9 மாதம் செல்லும். ஆகவே வீடு தேடத் தொடங்கும்போதே இதைப் போட்டுவிட வேண்டும். பெரும்பாலானவர்கள் வீடு பிடித்துப்போன பிறகுதான் போடுகிறார்கள், பிறகு முகவர் அவசரப்படுத்தும்போது பதறுகிறார்கள்.

இந்த விண்ணப்பத்தில் நம் ஆட்கள் தடுக்கி விழுகிற ஒரு இடம் உண்டு, வெளிநாட்டுச் சொத்து. ஊரில் அப்பா பெயரில் இருந்த வீடு, அவர் காலமான பிறகு அண்ணன் தம்பி பெயருக்கு வந்திருக்கும், அதில் உங்களுக்கோ மனைவிக்கோ மூன்றில் ஒரு பங்கு இருக்கும், யாரும் அதை "சொந்த வீடு" என்று நினைப்பதே இல்லை. வீவக அப்படிப் பார்ப்பதில்லை. பரம்பரையாக வந்தாலும், அன்பளிப்பாக வந்தாலும், பங்கு மட்டும் இருந்தாலும் சொல்லியாக வேண்டும். வீவக கடனும் மானியமும் வேண்டுமென்றால், விண்ணப்பத்துக்கு முந்தைய 30 மாதத்தில் உள்நாட்டிலோ வெளிநாட்டிலோ தனியார் வீடு வைத்திருந்திருக்கக் கூடாது, விற்றிருக்கவும் கூடாது. உங்கள் மனைவி நிரந்தரவாசி என்பதால் அவர் பெயரில் ஊரில் வீடு இருந்தால் இங்கே வாங்கிய 6 மாதத்துக்குள் அதை விட்டுவிட வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. இன்று இரவே இரண்டு வீட்டுப் பெரியவர்களையும் கூப்பிட்டு, "பத்திரத்தில் எங்கள் பெயர் எங்காவது இருக்கிறதா" என்று நேராகக் கேளுங்கள். மறைத்துவிட்டுப் பிறகு மாட்டினால் வீடே கையை விட்டுப் போகலாம்.

இன்னொன்று பெயர். என் திருமணச் சான்றிதழ் கும்பகோணத்தில் எழுதினது. அதில் என் பெயருக்கு முன்னால் அப்பாவின் முதல் எழுத்து மட்டும் இருந்தது, பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர் பின்னால் இருந்தது, கணவர் பெயரிலோ ஒரு 'எச்' கூடுதல். இரண்டும் ஒரே ஆள்தான் என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி, சான்றிதழுக்கு மொழிபெயர்ப்பு வாங்கி முடிக்க எங்களுக்கு மூன்று வாரம் போனது. உங்கள் சான்றிதழ் தமிழில் இருந்தால் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பை இப்போதே எடுத்து வையுங்கள். அடையாள அட்டை, பாஸ்போர்ட், சான்றிதழ் மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்து ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

அப்புறம் இன ஒதுக்கீடு. 1989-ல் வந்த கொள்கைப்படி இந்தியர் மற்றும் பிற இனத்தவருக்கு ஒரு புளோக்கில், அதாவது ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில், 15 விழுக்காடு வீடுகள், பல புளோக்குகள் சேர்ந்த பேட்டையில் 12 விழுக்காடு என்று வரம்பு. அந்த வரம்பு நிறைந்திருந்தால் வீட்டுக்காரர் சீனராக இருக்கும்போது நீங்கள் வாங்க முடியாது, இந்தியர் அல்லது பிற இனத்து வீட்டுக்காரரிடம் மட்டுமே வாங்கலாம். மாதத்தின் முதல் தேதியில் நிலவரம் மாறும். வீவக இணையத்தளத்தில் புளோக் எண்ணைப் போட்டால் இரண்டு நிமிஷத்தில் தெரியும். நீங்கள் குடிமகன் என்பதால் நிரந்தரவாசிக் குடும்பங்களுக்கான தனி ஒதுக்கீடு உங்களைப் பாதிக்காது.

இப்போது உங்கள் செய்தியைப் படித்ததும் எனக்கு உறுத்தின விஷயத்துக்கு வருகிறேன். 1987. குத்தகை 99 வருஷம் என்றால் 2086-ல் முடிகிறது. அப்போது உங்கள் மனைவிக்கு 95 வயது ஆகியிருக்காது, சில வருஷம் குறையும். 2019 மே மாதம் வந்த விதி இதைத்தான் பார்க்கிறது. வாங்குகிறவர்களில் இளையவருக்கு 95 வயது ஆகும்வரை குத்தகை வராவிட்டால், சிபிஎஃப் (சம்பளத்தில் பிடிக்கும் மத்திய சேமநிதி) பணத்தை எவ்வளவு எடுக்கலாம் என்பதும் வீவக எவ்வளவு கடன் தரும் என்பதும் அந்த விகிதத்தில் குறையும். சில வருஷம்தானே குறைகிறது என்று விட்டுவிடாதீர்கள், அந்தச் சில வருஷம் ரொக்கமாக உங்கள் பையிலிருந்து வரவேண்டிய தொகையாக மாறும். இதை முகவர் சொன்னாரா? சிபிஎஃப் தளத்தில் இதற்கென்றே ஒரு கணிப்பான் இருக்கிறது, இருவர் பிறந்த தேதியையும் குத்தகை விவரத்தையும் போட்டுப் பாருங்கள். அதே புளோக்கில் இல்லாவிட்டாலும் பக்கத்தில் ஐந்தாறு வருஷம் புதிய வீடு கிடைத்தால் இந்தச் சிக்கலே இருக்காது.

சரி, கணக்கு. எதுவும் குறையாமல் கிடைப்பதாக வைத்துக்கொண்டு போடுகிறேன், உங்களுக்கு இதைவிடக் கொஞ்சம் கடுமையாகத்தான் வரும்.

விலை 600,000. வீவக மதிப்பீடு 580,000 வந்தது என்று வைத்துக்கொள்வோம். இடையில் உள்ள 20,000 முழுக்க ரொக்கம், சிபிஎஃப்பிலும் எடுக்க முடியாது, கடனிலும் சேராது. இந்த மதிப்பீடு ஆப்ஷன் வாங்கிய பிறகுதான் தெரியும் என்பதுதான் வயிற்றைக் கலக்கும் விஷயம். ஆப்ஷன் தேதிக்கு அடுத்த வேலை நாளுக்குள் 120 வெள்ளி கட்டி மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆகையால் அதே புளோக்கிலும் பக்கத்துப் புளோக்குகளிலும் கடந்த சில மாதங்களில் என்ன விலைக்குப் போயிருக்கிறது என்று வீவக தளத்தில் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். கடன் 2024 ஆகஸ்டிலிருந்து அதிகபட்சம் 75 விழுக்காடு, விலை, மதிப்பீடு இரண்டில் குறைந்ததற்கு. அப்படியானால் 435,000. மீதி 145,000 வெள்ளி முன்பணம், வீவக கடன் என்றால் அதை முழுக்க சிபிஎஃப்பில் கட்டலாம். வங்கிக் கடன் என்றால் குறைந்தது 5 விழுக்காடு ரொக்கமாகவே தர வேண்டும். வாங்குவோர் முத்திரை வரி முதல் 180,000-க்கு 1 விழுக்காடு, அடுத்த 180,000-க்கு 2, மீதி 240,000-க்கு 3, ஆக 12,600 வெள்ளி. ஆப்ஷனை உறுதி செய்து, அதாவது வாங்குவதாகவே முடிவெடுத்துக் கையெழுத்திட்ட 14 நாளுக்குள் கட்ட வேண்டும். நிரந்தரவாசி என்றால் முதல் வீட்டுக்கே 5 விழுக்காடு கூடுதல் முத்திரை வரி உண்டே என்று பயப்படாதீர்கள், கணவன் மனைவியில் ஒருவர் குடிமகனாக இருந்து இருவருக்கும் இங்கே வேறு வீடு இல்லை என்றால் அதிலிருந்து விலக்கு கிடைக்கும். உங்களுக்கென்று முகவர் வைத்தால் வழக்கமாக 1 விழுக்காடும் அதன்மேல் ஜிஎஸ்டியும், 6,540 வெள்ளி. மறுவிற்பனை விண்ணப்பக் கட்டணம் 80. வழக்கறிஞர் செலவு தனி.

வரவுப் பக்கமும் பாருங்கள். குடும்ப வருமானம் மாதம் 14,000 வெள்ளிக்குள் இருந்தால் குடிமகன் – நிரந்தரவாசி தம்பதிக்கு நாலறை மறுவிற்பனை வீட்டுக்கு 70,000 வெள்ளி மானியம் இருக்கிறது. மனைவி பின்னால் குடியுரிமை பெற்றால் இன்னொரு 10,000 கேட்டு வாங்கலாம், நிறையப் பேர் இதை மறந்தேவிடுகிறார்கள். பெற்றோர் 4 கிலோமீட்டருக்குள் இருந்தால் அதற்கு 20,000, கூடவே இருந்தால் 30,000.

கடன் எங்கே வாங்குவது? நான் வங்கியில் வேலை பார்த்தவள், இருந்தாலும் உங்களுக்கு வீவக கடன் கிடைக்குமென்றால் அதையே வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். வட்டி 2.6 விழுக்காடு. சிபிஎஃப் சாதாரணக் கணக்கின் வட்டியைவிட 0.1 அதிகம் என்பது அதன் கணக்கு, 1999 முதல் அது மாறவில்லை. வங்கி வட்டி சில சமயம் இதைவிடக் குறைவாக இருக்கும், அதைக் காட்டித்தான் இழுப்பார்கள். ஆனால் 2022 தொடக்கத்தில் அரை விழுக்காட்டுக்கும் கீழே இருந்த சோரா விகிதம் (வங்கிகள் வீட்டுக்கடன் வட்டிக்கு அடிப்படையாக வைப்பது) 2023 முடிவதற்குள் மூன்றரையைத் தாண்டியது. அதன்மேல் வங்கியின் லாபம் வேறு. அந்த வருஷம் என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தவர்களின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் குறைந்த வட்டி என்று வீவகவிலிருந்து மாறி வந்தவர்கள், "திரும்ப வீவகவுக்கே போயிடலாமா" என்று கேட்டார்கள். முடியாது. வீவகவிலிருந்து வங்கிக்கு எப்போது வேண்டுமானாலும் மாறலாம், வங்கியிலிருந்து வீவகவுக்குத் திரும்ப வழியே இல்லை. உங்கள் வயதில், குழந்தை இன்னும் வராத நேரத்தில், அந்தக் கதவைத் திறந்தே வைத்திருங்கள்.

வங்கிக்கே போவதானால் வட்டியைத் தாண்டி இரண்டு இடத்தைக் கடன் கடிதத்தில் தேடிப் படியுங்கள். எத்தனை வருஷம் கட்டுப்பாடு, அதற்குள் அடைத்தாலோ வீட்டை விற்றாலோ எவ்வளவு அபராதம் என்பது ஒன்று, பெரும்பாலும் மீதித் தொகையில் 1.5 விழுக்காடாக இருக்கும். வழக்கறிஞர் செலவை வங்கியே தருகிறது என்பார்களே, அதை மூன்று வருஷத்துக்குள் திரும்பப் பிடித்துக்கொள்ளும் வரி எங்கே இருக்கிறது என்பது இன்னொன்று. வங்கிக் கடன் என்றால் அந்தக் கடன் கடிதம் கையில் வந்த பிறகுதான் ஆப்ஷனை உறுதி செய்யலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

435,000 வெள்ளியை 25 வருஷத்துக்கு 2.6-ல் போட்டால் மாதத் தவணை ஏறக்குறைய 1,975 வெள்ளி. ஆனால் தகுதி பார்க்கும்போது வீவக 3 விழுக்காடு வைத்துத்தான் கணக்கிடும், வங்கி 4 வைத்து. தவணை வருமானத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பதால் இருவருக்கும் சேர்த்து 6,900 வெள்ளியாவது மாத வருமானம் இருக்க வேண்டும். கார் கடன், கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் இன்னும் இறுகும். புது கார் எடுக்கிற யோசனை இருந்தால் சாவி வாங்கும்வரை தள்ளி வையுங்கள். சிபிஎஃப் சாதாரணக் கணக்கில் ஆளுக்கு 20,000 வரை விட்டுவைக்க வீவக அனுமதிக்கிறது. முழுவதையும் துடைத்து எடுத்து வீட்டில் போடாமல் அதை விட்டுவையுங்கள், இருவருக்கும் சேர்த்து 40,000 என்றால் வேலை போனாலும் ஒன்றரை வருஷத் தவணையைத் தாங்கும். எடுத்த சிபிஎஃப் பணம் வீட்டை விற்கும்போது 2.5 விழுக்காடு வட்டியோடு உங்கள் கணக்குக்கே திரும்பிப் போகும் என்பதையும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பதினைந்து வருஷம் கழித்து விற்கும்போது கையில் ஒன்றும் இல்லையே என்று திகைப்பீர்கள்.

ஆப்ஷன் தாளைப் பற்றி. தொகை 1 வெள்ளியிலிருந்து 1,000 வெள்ளி வரை, உறுதி செய்யும்போது கொடுப்பதையும் சேர்த்து 5,000-ஐத் தாண்டக் கூடாது. நாள்கள் 21, சனி ஞாயிறு விடுமுறை எல்லாம் சேர்த்து, கடைசி நாள் மாலை 4 மணிக்கு முடிந்துவிடும். வீவகவின் படிவம் மட்டுமே செல்லும். கூடவே வேறொரு தாளை நீட்டி "இது சும்மா, சாமான்களுக்காக ஒரு தனி ஒப்பந்தம்" என்றால் கையெழுத்துப் போடாதீர்கள். இந்தப் பணத்தை முகவர் கையில் கொடுக்கக் கூடாது, வீவக வீட்டுப் பரிவர்த்தனைப் பணத்தைக் கையாள முகவர்களுக்குச் சட்டப்படியே அனுமதி இல்லை. நேராக வீட்டுக்காரருக்குத்தான். ஒரே முகவர் இரண்டு தரப்புக்கும் வேலை பார்க்கவும் கூடாது, அதாவது உங்களை அவசரப்படுத்துகிற அந்த ஆள் வீட்டுக்காரருக்காகத்தான் பேசுகிறார். இன்னும் ரெண்டு பேர் இருக்கிறார்கள் என்பது உண்மையாகவே இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

காப்பீட்டுக்கு வருகிறேன். இதைக் கடைசிக் கேள்வியாக, "எல்லாம் தேவையா" என்று கேட்டிருந்தீர்கள், எனக்கோ இதுதான் முதல் கேள்வி.

மூன்று காப்பீடு, மூன்றும் வேறு வேறு. பெயர்கள் ஒரே மாதிரி இருப்பதால் ஒன்று எடுத்துவிட்டு மூன்றும் இருப்பதாக நினைக்கிறார்கள். வீவக தீக்காப்பீடு, வீவக கடன் இருக்கும்வரை கட்டாயம், ஐந்து வருஷத்துக்கும் சேர்த்தே சில வெள்ளிகள்தான். இது வீவக கட்டிக் கொடுத்த சுவர், தரை, கதவு போன்றவற்றுக்கு மட்டும். நீங்கள் 50,000 வெள்ளி செலவழித்துச் செய்யப்போகிற அலமாரிகளுக்கும் சமையலறைக்கும் இதில் ஒரு காசு வராது. என் அக்கா வீட்டில் தச்சரை வைத்துச் செய்த சாமி அலமாரி, ஒரு வெள்ளிக்கிழமை விளக்கு சாய்ந்து திரையில் பிடித்து, மேல்தட்டு வரை கருகி, பக்கத்துச் சுவரில் இருந்த தொலைக்காட்சியும் போனது. தீக்காப்பீடு இருக்கிறதே என்று தாளை எடுத்துக்கொண்டு போனார்கள். சுவருக்கு மட்டும்தான் வழி இருந்தது. வீட்டுச் சாமான்களுக்கும் ரினவேஷனுக்கும் தனியாக ஒரு காப்பீடு எடுக்க வேண்டும். கட்டாயமில்லை, ஆனால் தினமும் விளக்கேற்றுகிற வீட்டில் எடுங்கள்.

மூன்றாவது இல்லப் பாதுகாப்புத் திட்டம், சிபிஎஃப் கழகம் நடத்துவது. வீவக வீட்டின் மாதத் தவணையை சிபிஎஃப்பிலிருந்து கட்டினால் இது கட்டாயம், கடன் வங்கியிலிருந்து வாங்கினாலும்தான். வாங்கியவர் இறந்தாலோ, குணமாகாத இறுதிக்கட்ட நோய் வந்தாலோ, நிரந்தரமாக முழு ஊனமானாலோ மீதிக் கடனை இது அடைக்கும், 65 வயதுவரை அல்லது கடன் முடியும்வரை. அதற்கேற்ற ஆயுள் காப்பீடு ஏற்கெனவே இருந்தால் விலக்குக் கேட்கலாம்.

இதன் விண்ணப்பத்தில் ஒரு இடத்தில், கடனில் ஆளுக்கு எத்தனை விழுக்காட்டுக்குக் காப்பீடு என்று கேட்கும். இருவருக்கும் சேர்த்துக் குறைந்தது 100 இருக்க வேண்டும். எல்லோரும் யோசிக்காமல் 50, 50 என்று போட்டுவிடுவார்கள், நியாயமாகத்தான் தெரியும். ஒருநாள் ஒரு அம்மா வந்தார், நாற்பது வயதுகூட இருக்காது, இரண்டு பிள்ளைகள். கணவர் மாரடைப்பில் போய் ஒரு மாதம். கடன் 280,000 வெள்ளி மீதி. காப்பீடு 140,000-ஐ அடைத்துவிட்டது, மீதி 140,000 அப்படியே இருந்தது. "மொத்தமும் அடைஞ்சிடும்னுதானே அவர் சொல்லிட்டு இருந்தார்" என்று அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் சொன்னதில் தப்பில்லை, அவர் பெயருக்கு நேராக 50 என்று இருந்ததுதான் தப்பு. ஆளுக்கு 100 போடலாம், பிரீமியம் கூடும், வருஷத்துக்கு ஒருமுறை சாதாரணக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்வார்கள். தம்பி, 100, 100 போடுங்கள். பணம் இறுக்கமாக இருந்தால் வேறு எதையாவது குறையுங்கள், தவறான இடத்தில் குறைக்க வேண்டாம்.

உடல்நலக் கேள்விகளுக்கு உள்ளதை எழுதுங்கள். நீரிழிவு, ரத்த அழுத்தம் இரண்டும் நம் குடும்பங்களில் சகஜம், மாத்திரை சாப்பிடுகிறேன் என்று எழுதினால் மறுத்துவிடுவார்களோ என்று மறைக்கிறார்கள். மறைத்தது தெரிந்தால் பணம் வர வேண்டிய நேரத்தில் வராது. பின்னால் கடனை வேறு வங்கிக்கு மாற்றினாலோ காலத்தை நீட்டினாலோ இந்தக் காப்பீடு புதுக் கடனுக்குப் பொருந்துகிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும்.

வீட்டை யார் பெயரில், எப்படி எழுதுவது என்றும் கேட்பார்கள். கூட்டு உரிமை என்றால் ஒருவர் போனதும் வீடு மற்றவருக்குத் தானாகப் போகும், உயிலில் என்ன எழுதியிருந்தாலும் சரி. பங்கு பிரித்து எழுதினால் அவரவர் பங்கு அவரவர் உயில்படியோ வாரிசுச் சட்டப்படியோ போகும். முதல் வீடு வாங்குகிற கணவன் மனைவிக்குக் கூட்டு உரிமை போதும். மனைவியை வெறும் குடியிருப்பாளராகப் போட்டு நீங்கள் மட்டும் உரிமையாளராக இருப்பதென்றால், அவர் சிபிஎஃப்பை இந்த வீட்டுக்குத் தொட முடியாது, வீட்டிலும் அவருக்கு உரிமை இருக்காது. அதைச் செய்வதற்கு முன் இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். சிபிஎஃப் நியமனமும் அப்படித்தான். கல்யாணத்துக்கு முன்னால் அம்மா பெயரைப் போட்டிருந்தால் கல்யாணத்தோடு அது ரத்தாகிவிட்டது, உயிலிலும் சிபிஎஃப் பணம் அடங்காது, புதிதாகப் போட வேண்டும்.

ஆகவே இப்போதைக்குச் செய்ய வேண்டியது, எச்எஃப்இ விண்ணப்பம், குத்தகைக் கணிப்பான், ஊரில் பத்திரம் விசாரிப்பது. முகவரிடம் "கடிதம் வந்ததும் பேசுகிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். எல்லாம் கூடிவந்து ஆப்ஷன் உறுதியாகி, இரண்டு தரப்பும் ஏழு நாள் இடைவெளிக்குள் வீவகவில் விண்ணப்பம் போட்டு, அவர்கள் ஏற்றுக்கொண்டதிலிருந்து எட்டு வாரம் போலச் சாவி கைக்கு வரும். சாமான் காப்பீட்டை அந்தச் சாவித் தேதியிலிருந்து எடுங்கள், ரினவேஷன் நடக்கும்போதும் வீட்டில் ஆள் இல்லாதபோதும் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பால் காய்ச்சுகிற நாளுக்குத் தச்சு வேலை பாதியில் நிற்கும், தரையெல்லாம் மரத்தூளும் அட்டையும் கிடக்கும், அதற்கு நடுவில்தான் அடுப்பு மூட்டுவீர்கள்.